பிடிவாதக்காரத் தந்தையர்: இரண்டு நாவல்கள்

கனடாவுக்கான விண்ணப்பப் படிவத்தை நான் மேசையில் விரித்து வைத்திருந்த இரவில், உயர்தரம் படிக்கும் என் மகள் கேட்டாள்: "எங்கட்ட ஒருத்தரும் கேக்கல்லயே வாப்பா?" பதில் சொல்ல வாய் எழவில்லை. அந்தக் கேள்வியைக் காதில் வைத்துக்கொண்டுதான், எப்போதோ வாசித்த இரண்டு ஆங்கில நாவல்களைத் திரும்ப எடுத்தேன். இரண்டிலும் ஒரு தந்தை. அமெரிக்கர். மனைவி மக்களை வேரோடு பிடுங்கி அந்நிய மண்ணில் நடுகிறவர்.

முதலாவது, போல் தெரூ 1981இல் வெளியிட்ட 'த மொஸ்கிட்டோ கோஸ்ட்'. அல்லி ஃபொக்ஸ் கைதேர்ந்த கண்டுபிடிப்பாளர். அமெரிக்கா அழியப் போகிறது என்ற எண்ணம் மண்டையில் ஏறி, மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் ஹொண்டூராஸ் காட்டுக்குக் கொண்டுபோகிறார். அங்கே நெருப்பால் ஐஸ் செய்யும் பெரிய இயந்திரம் ஒன்றைக் கட்டுகிறார். கேட்க விசித்திரம்தான், மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஃபிரிட்ஜைக் கண்டவர்களுக்கு விளங்கும், அமோனியாவைச் சூடாக்கிக் குளிர் எடுக்கும் அதே வித்தை. ஐஸ் வருகிறது. உள்காட்டு மக்களுக்குக் காட்டவென்று அதை மலை தாண்டிச் சுமக்கிறார்கள். போய்ச் சேருமுன் உருகிவிடுகிறது. ஐஸ் வேணுமா என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. பிறகு ஆயுதத்தோடு வந்த மூவரை ஒழிக்க அந்த இயந்திரத்தையே பாவிக்க, அது வெடித்து ஆறும் நஞ்சாகிறது. வீட்டுக்குப் போவோம் என்ற பிள்ளைகளிடம், அமெரிக்கா அழிந்துவிட்டது, போக இடமில்லை என்கிறார். வெடிப்பைவிட இந்தப் பொய்தான் எனக்குப் பயங்கரமாகப் பட்டது. திரும்பும் வழியை இல்லாமலாக்கினால் தன் முடிவு சரியாகவே இருக்கும், இல்லையா?

மற்றது பார்பரா கிங்சோல்வரின் 'த பொய்சன்வுட் பைபிள்' (1998). சிறுவயதில் கொங்கோவில் கொஞ்சக் காலம் வாழ்ந்தவர் அவர். 1959இல் நேதன் பிரைஸ் என்ற பிரசாரகர், மனைவி ஒர்லியானாவோடும் நான்கு மகள்மாரோடும் பெல்ஜிய கொங்கோவின் ஒரு கிராமத்துக்குப் போகிறார். மண்ணை மேடாகக் குவித்து விதை போடச் சொல்கிறாள் ஊர்ப் பெண்ணொருத்தி. அவர் கேட்கவில்லை; மழை பாத்தியை அள்ளிப் போகிறது. பிறகு மேடாக்கி நடுகிறார். கொடி படர்கிறது, பூக்கிறது, ஆனால் காய்க்கவில்லை. அமெரிக்க விதைக்கு மகரந்தம் சேர்க்கும் பூச்சி அந்த ஊரில் இல்லை! மொழியிலும் அதே கதிதான். 'அருமையானவர்' என்று சொல்ல நினைத்து, உச்சரிப்புப் பிசகி, தோலைக் கொப்புளிக்கவைக்கும் நச்சு மரத்தின் பெயரையே முழங்கிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் கிங்சோல்வர் அவரை வெறும் மடையராக விடவில்லை. இரண்டாம் உலகப் போரில், காயம்பட்ட நேதன் முன்னதாகவே வெளியேற்றப்பட, அவரது படையினர் பிலிப்பைன்ஸில் பட்டான் மரண நடையில் மடிந்துபோனார்கள். ஒருமுறை தப்பியவர் இனித் தப்பக்கூடாது என்று நிற்கிறார். 1960 ஜூன் 30இல் கொங்கோ சுதந்திரமடைகிறது. போய்விடுங்கள் என்று சொல்லியும் அசையவில்லை. கடைசி மகள் பாம்பு கடித்து மௌத்தான பிறகு, ஒர்லியானா மிச்சப் பிள்ளைகளோடு நடக்கத் தொடங்குகிறாள்.

இரண்டு நாவலிலும் தந்தை கதை சொல்வதில்லை. தெரூவில் 13 வயது மூத்த மகன் சார்லி சொல்கிறான். கிங்சோல்வரில் தாயும் நான்கு மகள்மாரும். தீர்மானித்தவர் ஒருவர், சொல்கிறவர்கள் இழுபட்டவர்கள். சார்லி முக்கால்வாசி வரை வாப்பாவை நம்புகிறான் என்பதுதான் நெஞ்சைப் பிசைகிறது.

எங்கட அனுபவம் மறுபக்கம். 70களின் பிற்பகுதியிலிருந்து எங்கள் வாப்பாமார் வளைகுடாவுக்குத் தனியே போனார்கள், குடும்பம் ஊரில் இருந்தது. என் வாப்பாவும் 12 வருடம் சவுதியில். குரலைக் கேசட்டில்தான் கேட்டோம். பெருநாளைக்கு உம்மா அதைத் திருப்பித் திருப்பிப் போடுவா. போனால் எல்லாரும் போவோம், இல்லாட்டி ஒருத்தரும் போறல்ல என்று நான் பிடித்த பிடி அங்கேயிருந்து வந்தது. நேதனின் போர்க்கதையை இரண்டாம் தரம் வாசிக்கும்போதுதான் இது எனக்கு உறைத்தது.

படிவம் இன்னும் லாச்சிக்குள் கிடக்கிறது. கிங்சோல்வரை மகள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தோட்டம் பூத்தும் காய்க்காத இடத்துக்கு வந்துவிட்டாளாம்.