யாருக்கும் முழுப் படம் தெரியாது

ஸ்டீபன் கேகன் எழுதி இயக்கி 2005-இல் வெளிவந்த 'சிரியானா' மீது அன்றிலிருந்து சொல்லப்படும் பெரிய குறை, படம் புரியவில்லை என்பதுதான். ஒரு சிஐஏ உளவாளி, ஜெனீவாவில் வேலை பார்க்கும் எரிசக்தி ஆலோசகர், வாஷிங்டன் வழக்கறிஞர், வளைகுடாவில் பிழைக்கும் பாகிஸ்தானி இளைஞன் என்று நான்கு கதைகள் ஓடுகின்றன. யார் யாருக்காக வேலை செய்கிறார்கள் என்று பிடிபடுவதற்குள் காட்சி மாறிவிடுகிறது. இதைத் திரைக்கதையின் கோளாறாக நான் கருதவில்லை. எண்ணெய் வணிகத்தில் அவரவர் கைக்கு வந்த துண்டுதான் அவரவருக்குத் தெரியும். அதனால்தான் யாருக்கும் உறுத்தாமல் அது நடக்கிறது. கேகன் நம்மையும் அதே இருட்டில் உட்கார வைக்கிறார்.

பாகிஸ்தானி இளைஞன் வாசிமின் கதையைப் பாருங்கள். எரிவாயு எடுக்கும் உரிமையை அந்த வளைகுடா நாட்டின் இளவரசர் நாசிர், கானெக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்திடமிருந்து எடுத்து, கூடுதல் விலை சொன்ன சீனர்களுக்குக் கொடுக்கிறார். தன் நாட்டின் நன்மைக்காக எடுத்த முடிவுதான். ஆனால் முதல் அடி விழுவது வாசிம் மீதும் அவன் அப்பா மீதும். வேலை போகிறது, வேறு வேலை கிடைக்காவிட்டால் நாடுகடத்தல். வரிசையில் நிற்கும்போது பேசியதற்காகக் காவலர்கள் அடிக்கிறார்கள். மதரசாவில் சாப்பாடு கிடைக்கும் என்று அங்கே போகத் தொடங்குகிறான். வேலையோடு கட்டிப்போட்ட விசாவில் வளைகுடாவுக்கு ஆளனுப்பிய தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த நாடுகடத்தல் பயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. மதரசாவில் வாசிமின் கைக்கு வருவது, படத்தின் தொடக்கத்தில் தெஹ்ரானில் உளவாளி பாப் பார்ன்ஸ் தவறவிட்ட ஏவுகணை. அது காணாமல் போனதைப் பற்றி பாப் எழுதும் குறிப்புகளை மேலதிகாரிகள் விரும்புவதில்லை. வாசிம் என்று ஒருவன் இருப்பதே பாபுக்குக் கடைசிவரை தெரியாது.

இது மிகைக் கற்பனை என்பார்கள். ஆனால் கதைக்குத் தூண்டுதலே முன்னாள் சிஐஏ அதிகாரி ராபர்ட் பேயரின் நினைவுக்குறிப்பு நூல்தான். படத்தில் கில்லன் என்ற சிறு நிறுவனம் கஜகஸ்தானின் எண்ணெய் வயலை லஞ்சம் கொடுத்துப் பெறுகிறது. அரசு விசாரணைக்கு இரண்டு பேரைக் காவு கொடுத்ததும் கானெக்ஸுடனான அதன் இணைப்பு நிறைவேறிவிடுகிறது. நிஜத்தில், கஜகஸ்தான் தலைவர்களுக்கு 7 கோடி டாலருக்கு மேல் கொடுத்ததாக 2003-இல் அமெரிக்காவில் குற்றம் சாட்டப்பட்டவர் ஜேம்ஸ் கிஃபன். உளவுத்துறைக்குத் தெரிந்தே செயல்பட்டதாக அவர் தரப்பு வாதாடியது. 2010-இல் சிறிய வரிக்குற்றம் ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டு சிறை செல்லாமல் தப்பினார். நீதிபதி அவருடைய சேவையைப் பாராட்டவும் செய்தார். எந்தத் திரைக்கதையாசிரியருக்கும் இப்படி எழுதத் துணிவு வந்திருக்காது.

வழக்கறிஞர் பகுதியில் பெயர்கள் மூச்சு முட்டும் அளவுக்குக் குவிகின்றன; அந்தக் குறை நியாயமானது. அதற்காக ஒரே ஒரு வில்லனைக் காட்டி, அவனை வீழ்த்தி முடித்திருந்தால் தெளிவாக இருந்திருக்கும், ஆனால் பொய்யாகியிருக்கும். வாசிமுக்குப் பரிவு காட்டுவது பயங்கரவாதத்தை நியாயப்படுத்துவது என்ற குற்றச்சாட்டும் நிற்காது. அவன் நடத்தும் தாக்குதலைப் படம் கொண்டாடவில்லை; அங்கே போய்ச் சேர்ந்த வழியைத்தான் காட்டுகிறது.

முடிவில் பாலைவனச் சாலையில் பாப் வெள்ளைத் துணியை அசைத்து நாசிரின் வாகனங்களை நிறுத்துகிறார். நாசிர் அவரை அடையாளம் கண்டுகொள்கிறார். வரப்போகும் தாக்குதலைப் பற்றி எச்சரிக்க நேரமில்லை. அமெரிக்காவில் ஓர் அறையில் திரைமுன் அமர்ந்திருப்பவர்களுக்குச் சாலையில் ஊரும் புள்ளிகள்தான் தெரிகின்றன. அவற்றில் ஒன்று தங்கள் ஆள் என்பது தெரியாது.