இதய நோயாளர் மீன் உண்ணலாமா?

இதய நோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புவோர் தவறாமல் கேட்கும் கேள்வி இது. தாராளமாக உண்ணலாம். மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் ஒமேகா-3 கொழுப்பு மிகுதி. வஞ்சிரத்தைவிட விலையும் குறைவு. வாரம் இருமுறை போதும். பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். மண்சட்டியில் புளிக்கரைசல் நன்கு கொதித்து, மசாலாவின் பச்சை வாசனை நீங்கியபின் மீனை இட்டால் பத்து நிமிடங்களில் வெந்துவிடும். கரண்டியிட்டுக் கிளறினால் மத்தி உடையும். சட்டியை மெல்லச் சுழற்றுவதே நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம்.

கருவாட்டின் கதை வேறு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதுமென்கிறது உலக நலவாழ்வு அமைப்பு. கருவாட்டை ஊறவைத்துக் கழுவினாலும் உப்பு முழுவதும் நீங்காது. இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் அதன் மணத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மயிலத்தில் கடல் இல்லை. மரக்காணம் போன்ற கரையூர்களிலிருந்தே மீன் வரவேண்டும். பனிக்கட்டியின்றி வெயிலில் கிடந்த மத்தியில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உருவாகும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. ஆகவே செவுள் சிவந்து, கண் தெளிந்திருக்கும் மீனையே வாங்குங்கள். மீன் உண்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்தால் காத்திராமல் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.