ஐ.சி.யு. வாசலில் தெரிந்திருக்க வேண்டிய உரிமை

என் பெரியம்மா 17 நாள் வென்டிலேட்டரில் இருந்தார். மறுநாள் காலை மருத்துவர் அண்ணனைக் கூப்பிட்டார். "இனிமே முன்னேற்றம் இருக்காது. வேணும்னா எழுதிக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க." நீட்டிய தாளில், மருத்துவ ஆலோசனையை மீறி நோயாளியை அழைத்துச் செல்வதாக எழுதியிருந்தது. யோசனை சொன்னவர் மருத்துவர். மீறியதாகக் கையெழுத்துப் போட்டவர் அண்ணன். ஆம்புலன்ஸில் ஒருவர் பலூனை அமுக்கி மூச்சுக் கொடுத்தபடி வந்தார். வீட்டுக் கட்டிலில் குழாயை எடுத்தார்கள். மூச்சுத் திணறலுக்குக் கொடுக்க எங்களிடம் ஒரு மருந்தும் இல்லை. "நானே கொன்னுட்டேனோ?" என்று அண்ணன் இன்னும் கேட்கிறார்.

இல்லை. அண்ணன் செய்தது கொலை இல்லை. ஆனால் அந்தப் பாரத்தை அவர் ஒருவர் தலையில் இறக்கியிருக்கவும் வேண்டியதில்லை. பெரியம்மா இறப்பதற்கு முன்பே சட்டம் வேறு வழி காட்டியிருந்தது.

சட்டம் எதை அனுமதிக்கிறது?

மருந்து கொடுத்தோ ஊசி போட்டோ உயிரை முடிப்பது இந்தியாவில் குற்றம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், மரணம் நெருங்கிய நோயாளி கேட்டால் அதற்கான மருந்தை மருத்துவர் எழுதித்தரும் சட்டம் 1997 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் நாட்டில் அப்படிப்பட்ட சட்டம் இல்லை.

இங்கே உள்ள உரிமை வேறு. மீள வழியில்லாத நிலையில், மரணத்தைத் தள்ளிப்போட மட்டுமே உதவும் சிகிச்சையைத் தொடங்காமல் விடலாம், தொடங்கியதை நிறுத்தலாம். மும்பை செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில் 2011இல் இந்தக் கதவு சற்றே திறந்தது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உரிமையே என்று தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் நடைமுறைகள் எளிதாக்கப்பட்டன.

லிவிங் வில் எழுதுவது எப்படி?

நாம் பேச முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆவணமே லிவிங் வில். 18 வயது நிரம்பிய, தெளிந்த மனநிலையுள்ள எவரும் எழுதலாம். எந்த நிலையில், எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். நாம் பேச முடியாதபோது நமக்காக முடிவு சொல்லப்போகும் நெருங்கியவர்களின் பெயர்களைப் பொறுப்பாளர்களாகக் குறிப்பிட வேண்டும். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற வேண்டும். முன்பு இதற்கு மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியிருந்தது. நகல்களைப் பொறுப்பாளர்களிடமும் குடும்ப மருத்துவரிடமும் உள்ளாட்சி அலுவலகத்திலும் கொடுத்து வையுங்கள். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம்.

மருத்துவமனையின் கடமை

சிகிச்சை தரும் மருத்துவரும், குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் கொண்ட முதன்மைக் குழுவை மருத்துவமனை அமைக்க வேண்டும். சிகிச்சையை நிறுத்தலாம் என்று அது சொன்னால், மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் இடம்பெறும் இரண்டாம் குழு மீண்டும் ஆராயும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். பொறுப்பாளர்களின் சம்மதம் பெற்று, மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தெரிவித்தபின் சிகிச்சையை நிறுத்தலாம். தகவல் தந்தால் போதும். அவருடைய அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

லிவிங் வில் எழுதாதவர்களுக்கும் குடும்பத்தாரின் சம்மதத்துடன் இதே இரண்டு குழு முறை உண்டு. பெரியம்மாவுக்கு இந்த வழி இருந்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

சொத்துக்காகவோ செலவுக்குப் பயந்தோ யாரும் ஒரு முதியவரை மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிடக் கூடாது. அதனால்தான் சாட்சிகள் குடும்பத்தோடு தொடர்பில்லாதவர்களாக இருப்பது நல்லது. நோயாளி நினைவோடு பேச முடிகிற வரை அவர் வாய்ச்சொல்லே முடிவு. லிவிங் வில்லுக்கு அப்போது வேலையில்லை. வென்டிலேட்டரை நிறுத்துவது கவனிப்பை நிறுத்துவதும் ஆகாது. வலி தணிப்பு, மூச்சுத் திணறலுக்கு மருந்து, வாய் உலராமல் பார்த்துக்கொள்வது ஆகியவை கடைசி மூச்சு வரை தொடர வேண்டும்.

மறுத்தால் என்ன செய்வது?

கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இந்த மருத்துவக் குழுக்களை அமைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வெளியிட்டது. ஆனால் பல இடங்களில் இன்றும் மருத்துவமனை நிர்வாகங்கள் வழக்குக்குப் பயந்து, "எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்ற பழைய வழியிலேயே நிற்கின்றன. அந்தத் தாள் நீட்டப்பட்டால் உடனே கையெழுத்திடாதீர்கள். "முதன்மை மருத்துவக் குழுவைக் கூட்டுங்கள்" என்று எழுத்து மூலம் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வலி தணிப்பு மருத்துவரை அழைக்கச் சொல்லுங்கள். குழு மறுத்தால் 226ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். குடும்பத்தார் மட்டுமல்ல, சிகிச்சை தரும் மருத்துவரும் அணுகலாம்.

இந்த ஆண்டு நான் என் லிவிங் வில்லை எழுதினேன். பொறுப்பாளர்களாக அண்ணன் பெயரும் என் மகள் பெயரும் இருக்கின்றன. அண்ணன் அதை இரண்டு முறை படித்தார். "அப்ப நான் முடிவெடுக்க வேண்டியதில்ல. நீ சொன்னதை எடுத்துச் சொன்னா போதும்" என்றார். வெகு நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன்.