எலுமிச்சம்பழத்தில் ரத்தம்!

கூட்டத்தில் ஒருவரை அனுப்பி பெட்டிக்கடையில் எலுமிச்சம்பழம் வாங்கி வரச் சொல்வார்கள். பழமும் உள்ளூர், வாங்கி வந்த ஆளும் உள்ளூர். சந்தேகப்பட வழியே இல்லை. மேடையில் நிற்பவர் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துவிட்டு, கத்தியை எடுத்துப் பழத்தை இரண்டாக அறுப்பார். சாறு சிவப்பாக வழியும். பின்வரிசையில் ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்வார். அடுத்த நிமிடமே மேடைக்காரர் சிரித்தபடி குட்டை உடைப்பார்: “இதுல மந்திரம் எதுவும் இல்லை. கத்தியில செம்பருத்திப் பூவைத் தேய்ச்சுக் காயவெச்சிருந்தேன். பழத்தோட புளிப்பு பட்டதும் அந்தச் சாயம் சிவக்குது.”

தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் பள்ளிகளிலும் தெருமுனைகளிலும் பல ஆண்டுகளாக நடத்திவரும் ‘மந்திரமா, தந்திரமா?’ நிகழ்ச்சிகள் இந்த ரகம்தான். சிரிக்கவும் வைத்து, கற்பித்தும் அனுப்பும் நிகழ்ச்சிக்குத் தமிழ்நாட்டில் இதைவிட நல்ல மாதிரி கிடையாது. இந்த வித்தைகளைத் திரட்டி ஊர் ஊராகச் செய்து காட்டியவர்களில் முதன்மையானவர் பி.பிரேமானந்த் (1930-2009). கோவை போத்தனூரிலிருந்து ‘இந்தியன் ஸ்கெப்டிக்’ இதழை நடத்தியவர். சாமியார்கள் காற்றிலிருந்து விபூதி வரவழைத்தால், இவரும் வரவழைப்பார். எப்படி வந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார். பிரிட்டனின் சேனல் 4, 1995-ல் ‘குரு பஸ்டர்ஸ்’ என்ற ஆவணப்படத்தில் இந்தியப் பகுத்தறிவாளர்களோடு இவரையும் காட்டியது. போத்தனூர்க்காரரின் வித்தையை லண்டன்காரர்கள் வரவேற்பறையில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அதே 1995 செப்டம்பர் 21-ம் தேதியை நடுத்தர வயதுக்காரர்கள் மறந்திருக்க முடியாது. பிள்ளையார் பால் குடித்த நாள். கரண்டியோடு கோயில் வாசலில் நின்றவர்களில் பட்டதாரிகளுக்குக் குறைவில்லை. மத்திய அரசின் விஞ்ஞானிகள் பாலில் நிறம் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். பால் தும்பிக்கைக்குள் போகவில்லை. பரப்பு இழுவிசையால் கரண்டியிலிருந்து இழுக்கப்பட்டு, சிலையின் மேல் மெல்லிய படலமாக வழிந்து கீழே இறங்கியது நிறத்தால் தெரிந்தது. வெள்ளைக் கல்லில் வெள்ளைப் பால் வழிந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்?

அமெரிக்காவில் இப்படிக் குட்டை உடைக்கும் வேலையையே தொலைக்காட்சித் தொடராக்கினார்கள். ‘ஆடம் ரூயின்ஸ் எவ்ரிதிங்’ என்ற பெயரில், நகைச்சுவைக் கலைஞர் ஆடம் கோனோவர் நடிக்க, ட்ரூடிவி அலைவரிசையில் 2015 முதல் 2019 வரை ஓடியது. நிச்சயதார்த்தத்துக்கு வைர மோதிரம் என்பது ஏதோ ஆதிகால வழக்கமல்ல, வைர நிறுவனத்தின் விளம்பரம் பரப்பியது என்று போட்டு உடைத்ததில்தான் அவருக்குப் பெயர் கிடைத்தது. (அட்சய திருதியைக்கு நகைக்கடை வாசலில் காலையிலிருந்தே நிற்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்கலாம்.) ஆதாரங்களைத் திரையிலேயே எழுதிக் காட்டினார்கள். தொடரில் தாங்கள் செய்த தவறுகளையும் தாங்களே திருத்தினார்கள். நம் அலைவரிசைகளில் நகைச்சுவைக்குத் தனி நேரம் உண்டு, ராசிபலனுக்கும் தனி நேரம் உண்டு. இப்படி ஒரு தொடர் மட்டும் வேர்விடவில்லை.

தமிழ் சினிமாவில் நகைச்சுவை நடிகர் விவேக் முயன்றார். லாரிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதை அவர் கேலி செய்தபோது தியேட்டரே குலுங்கியது. சிரித்தவர்கள் வெளியே வந்து, புது பைக்குக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கேலி மட்டும் போதாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பார்ப்பவர் கையில் கத்தியைக் கொடுக்க வேண்டும்.

அப்படி ஒரு தொடர் தமிழில் வருமென்றால், முதல் படப்பிடிப்புக்குக் கள்ளக்குறிச்சிக்கு வண்டி கட்டலாம். அங்குள்ள கல்வராயன் மலைவாசிகளின் மூடநம்பிக்கையைப் படம்பிடிக்க அல்ல. மலையைப் பற்றிச் சமவெளிக்காரர்கள் வைத்திருக்கும் நம்பிக்கைகளே ஒரு சீசனுக்குத் தாங்கும்.

அந்த மலைமேல் உள்ள வெள்ளிமலையிலிருந்து பஸ் ஏறியவர் “நாங்க மலையாளிங்க” என்கிறார். பக்கத்து சீட் சென்னைக்காரர் உடனே, “கேரளாவுல எந்த ஊரு?” கல்வராயன் மலையின் மலையாளி மக்களுக்கும் மலையாள மொழிக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் மலையாளி. அவர்கள் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்பது சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை வரை வழங்கும் கதை. பெயரில்தான் குழப்பம் என்றால் சட்டத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயர் தென்னாற்காடு, வடஆற்காடு, சேலம், தருமபுரி போன்ற பழைய மாவட்டங்களின் பெயரோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. ஈரோடு அதில் இல்லை. அதனால் பர்கூர் மலையிலுள்ள அதே மக்கள் பழங்குடிச் சான்றுக்காக ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள். நகைச்சுவைக்காரர் புதிதாக வசனம் எழுத வேண்டியதில்லை, பட்டியலை வாசித்தாலே போதும்.

அடுத்த நம்பிக்கை, சிரிப்பு ஒதுங்கி நிற்க வேண்டிய இடம். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து 65-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உடனே எல்லோர் விரலும் மலையை நோக்கி நீண்டது. மலையில் ஊறல் போட்டுக் காய்ச்சுவது நடப்பதுதான். போலீஸ் அழிப்பதும் நடப்பதுதான். ஆனால் கருணாபுரத்தில் உயிரைக் குடித்தது மெத்தனால். அது தொழிற்சாலைச் சரக்கு, மரப்பட்டையும் வெல்லமும் ஊறிய பானையில் வந்ததல்ல.

“முப்பது வருஷமா குடிக்கிறேன், நாக்குல வெச்சா எனக்குத் தெரியாதா?” என்பது இன்னொன்று. தெரியாது. மெத்தனாலுக்கும் நிறம் கிடையாது. வாசமும் சுவையும் கிட்டத்தட்ட சாராயம் போலத்தான். முதலில் வழக்கமான போதைதான் இருக்கும். ஈரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றி, அது பார்வை நரம்பைத் தாக்கப் பல மணி நேரம் ஆகும். பத்து மில்லி போனாலே கண் போகலாம். ராத்திரி குடித்துவிட்டு நன்றாகத் தூங்கினேன் என்பவர் காலையில் கண் மங்குகிறது, வயிறு வலிக்கிறது என்றால், மோர் கொடுத்துப் படுக்க வைப்பது ஆபத்து. நச்சுமுறிவு மருந்தும் டயாலிசிஸும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

கருணாபுரம் சாவுகளுக்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம், கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ஜாகீர்தார்களிடமிருந்து இந்த மலை அரசின் கைக்கு வந்ததே 1976-ல்தான். ‘மலைக்காரங்களுக்கு முன்னேற மனசில்லை’ என்று டீக்கடையில் தீர்ப்பு சொல்பவர்களுக்கு இந்த ஆண்டு தெரிந்திருக்காது. 1947-லிருந்து எண்ணிப் பார்க்கட்டும்.

தொடர் எடுக்க யாராவது முன்வரும் வரை ஒரு அத்தியாயத்தை வீட்டிலேயே நடத்தலாம். ஒரு செம்பருத்தி, ஒரு கத்தி, ஒரு எலுமிச்சம்பழம், பார்க்க இரண்டு பிள்ளைகள். பூ நல்ல அடர் சிவப்பாக இருக்கட்டும். தேய்த்த கத்தி காய்ந்த பிறகு அறுங்கள்.