உஷார்! ‘ஜெயிச்சுட்டீங்க, பணம் கட்டுங்க!’

கோவை காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டு அருகே டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. இதழியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“சார், எனக்கு நேஷனல் லெவல்ல அவார்டு வந்திருக்குதுங்க. எங்க மேடத்துக்கும் சிறந்த வழிகாட்டின்னு தர்றாங்களாமுங்க. நூறடி ரோட்டுல ஓட்டல்ல ஃபங்ஷன். ஆளுக்கு 4,500 ரூபா கட்டோணுமாம்ங்க, நாளைக்கு சாயங்காலம் கடைசி. கட்டிப்போடட்டுங்களா?”

“எந்தச் செய்திக்குக் கண்ணு குடுக்கறாங்க?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அதைக் கேக்கலீங்க சார்.”

அந்தப் பெண் எந்தக் கட்டுரையையும் யாருக்கும் அனுப்பவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த படிவத்தில் பெயர், கல்லூரி, போட்டோ, ஆதார் எண் கொடுத்திருக்கிறார். மூன்றாம் நாள் ‘நடுவர் குழு உங்களைத் தேர்ந்தெடுத்துள்ளது’ என்று வாழ்த்து வந்துவிட்டது. ஒரு வரிகூடப் படிக்காமல் தேர்வு செய்யும் நடுவர் குழு!

கட்டணம் கேட்டாலே மோசடி என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் புலிட்சர் பரிசுக்கே ஒரு பதிவுக்கு 75 டாலர் வாங்குகிறார்கள். ஆனால் அது போட்டியில் நுழைய. கட்டியவர்களில் பெரும்பாலோர் தோற்பார்கள், அதுதான் போட்டி. இங்கேயோ ஜெயித்துவிட்டதாகச் சொன்ன பிறகு கை நீட்டுகிறார்கள். கேடயம் இவ்வளவு, மேடையில் போட்டோ இவ்வளவு, கூட வரும் அப்பா அம்மாவுக்குச் சாப்பாடு தலைக்கு இவ்வளவு. இது விருது அல்ல, கேடயக் கடை.

மாணவப் பத்திரிகையாளருக்கு அங்கீகாரம் எப்படி வரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. விகடனின் மாணவப் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டத்தில் கல்லூரிப் பிள்ளைகளைத் தேர்வு வைத்து எடுப்பார்கள், ஊர் ஊராகச் செய்திக்கு அனுப்புவார்கள், எழுதியதற்குச் சன்மானம் தருவார்கள். இன்றைய தமிழ்ப் பத்திரிகையுலகில் பெயர் சொல்லும்படி இருக்கும் பலர் அந்த வாசல் வழியாக வந்தவர்கள். அங்கே பணம் பத்திரிகையிலிருந்து மாணவனுக்கு வந்தது.

இந்த வியாபாரத்தில் என்னை அசரவைத்த தந்திரம் எது தெரியுமா? வழிகாட்டி ஆசிரியருக்கும் சேர்த்து விருது. மாணவி முதலில் யாரிடம் போய் ‘இது நிஜமா மேடம்?’ என்று கேட்பாள்? விசாரிக்க வேண்டிய அந்த ஆள் கையிலும் ஒரு கேடயத்தைக் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. போதாததற்குக் கல்லூரியில் ‘நாக்’ எனும் தர மதிப்பீட்டு நெருக்கடி வேறு. ஆசிரியர், மாணவர் பெற்ற விருதுகளுக்கு அந்த மதிப்பீட்டுப் படிவத்தில் தனிக் கட்டம் உண்டு. நிர்வாகம் துரத்த, மேடம் என்ன செய்வார் பாவம்? ஆனால், ஆசிரியர் விருது என்றால் அரசோ அரசு அங்கீகரித்த அமைப்போ தந்திருக்க வேண்டும் என்று படிவமே கேட்கிறது. 4,500 ரூபாய்க் கேடயம் அலமாரிக்குத்தான் ஆகும்.

‘நாங்க கவர்மென்ட் ரிஜிஸ்டர்டுங்க’ என்பார்கள். உத்யம் பதிவு எண்ணைக் காட்டுவார்கள். அதைச் சுய அறிவிப்பில், காசில்லாமல், எந்தச் சிறு தொழில்காரரும் எடுக்கலாம். நிதி ஆயோக் பெயரைச் சொல்வார்கள். அதன் தர்ப்பண் தளத்தில் ஒரு தொண்டு நிறுவனம் பதிந்திருப்பதால், அது தரும் விருதுக்கு அரசு பொறுப்பேற்றதாக ஆகாது. அழைப்பிதழில் சிங்கமுகச் சின்னம் இருந்தால் இன்னும் உஷார்: அனுமதியில்லாமல் அதைப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005-லேயே சட்டம் வந்துவிட்டது.

‘பெரிய இடத்துல விழா நடக்குதே’ என்று மயங்குகிறவர்கள் 2023 பிப்ரவரி 26-ஐ நினைத்துக்கொள்ளட்டும். சென்னை அண்ணா பல்கலைக்கழக விவேகானந்தா அரங்கில் ஒரு தனியார் அமைப்பு கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. இசையமைப்பாளர் தேவா முதல் யூடியூப் பிரபலங்கள் வரை பட்டியலில் இருந்தார்கள். நடிகர் வடிவேலுவுக்கு வீட்டுக்கே போய்க் கொடுத்தார்கள். பிறகுதான், எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று பல்கலைக்கழகம் போலீசுக்குப் போனது. ஏற்பாடு செய்தவர் கைதானார். ஊரறிந்த கலைஞர்களே ஏமாந்த இடத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி எம்மாத்திரம்?

விருதோடு ‘பிரஸ்’ அட்டையும் இலவசம் என்றால் தொடவே தொடாதீர்கள். போலிப் பத்திரிகையாளர்களை அடையாளம் காண ஒரு பிரஸ் கவுன்சில் அமைக்கச் சொல்லி 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதே இந்த அட்டைகள் பெருகியதால்தான். காசுக்கு வாங்கிய அட்டையோடு வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டிப் போய் மாட்டினால், நாளைக்கு நிஜப் பத்திரிகையில் வேலை கேட்டுப் போகும்போது அதற்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

இப்படி ஏமாறுவது நமக்குப் புதிதல்ல. 2012-இல் பெருந்துறை ஈமுக் கோழிப் பண்ணை மோசடியில் பணத்தைப் போட்டுத் தவித்த மண் இது. அப்போதும் அழகான அழைப்பிதழ்கள் வந்தன, பிரபலங்கள் விளம்பரத்தில் வந்தார்கள்.

அந்த மாணவியைப் பணம் கட்டச் சொல்லாமல் ஒரே ஒரு கேள்வியை அனுப்பச் சொன்னேன்: ‘எந்தக் கட்டுரைக்கு, எந்த நடுவர் மதிப்பெண் போட்டார்?’ இரண்டு முறை அனுப்பியிருக்கிறார். மூன்றாம் முறை அந்த எண்ணே அவரைத் தடை செய்துவிட்டது.

ஆதார் எண் போனது போனதுதான். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இப்படி ஒரு வாழ்த்து வந்தால், ஜிபே திறப்பதற்கு முன்னால் அதே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். தாமதித்தால் பணம் கணக்கு மாறிப் போய்விடும்.