தீவகத்தார் பிணியும் நுண்ணுயிர் ஆய்வும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே, ஊர்காவற்றுறை முதல் நெடுந்தீவு ஈறாகக் கடலிற் பரந்து கிடக்கும் நிலப்பகுதியைத் தீவகம் என வழங்குவர். ஆங்கு ஆறில்லை, மலையுமில்லை. மாரிகாலத்திற் பெய்யும் மழை சுண்ணக்கற் பாறையினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. கடன்மட்டத்துக்குமேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநூலார் கண்ட கணக்கு. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறிவிடும். இதனைத் தீவகத்தார் எவரும் சொல்லாமலே அறிவர். அவர்கள் கண்ணுக்குப் புலனாகாத கேடு பிறிதொன்றுண்டு. மணலில் ஊறும் நீர் மெல்ல வடிந்து பெருமளவு தூய்மையடையும். வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணக்கல்லில் அத்தகைய வடிப்பு நிகழ்வதில்லை. மலகூடக் குழியினின்று கசிவது அயலிலுள்ள கிணற்றை விரைவில் அடைந்துவிடக்கூடும். அங்ஙனம் அடைந்த நீர் தெளிவாகவும் சுவையாகவுமே இருக்கும்.

நெருப்புக்காய்ச்சல், வயிற்றுளைவு, கழிச்சல் என்பன இத்தகைய நீராற் பரவும் பிணிகள். சலக்கடுப்பு இவற்றினின்றும் வேறானது போலத் தோன்றினும் முற்றிலும் வேறானதன்று. அதனை உண்டாக்கும் கிருமி பெரும்பாலும் நோயாளியின் சொந்தக் குடலில் வாழ்வதே. குடலில் இருக்கும்வரை தீங்கு செய்யாத அது, சலவழியே ஏறிச் சலப்பையை அடைந்தவிடத்து நோயாகின்றது. பெண்களுக்குச் சலவழி குறுகியதாகையால் அவர்களே இதனாற் பெரிதும் வருந்துவர். கோடையில் நன்னீர் அரிதாகும்போது குறைவாக நீர் அருந்துவதும், நெடும்பொழுது சலத்தை அடக்கி வைப்பதும் கிருமிக்கு வாய்ப்பாகின்றன. எனவே, குடற்பிணியை ஆராய்வார்க்கும் சலப்பிணியை ஆராய்வார்க்கும் தேடுபொருள் ஏறக்குறைய ஒரே குடும்பத்தைச் சேர்ந்ததேயாகும்.

19-ஆம் நூற்றாண்டில் வாந்திபேதி யாழ்ப்பாணத்தைப் பன்முறை வருத்தியது. 1847-இல் இங்கு வந்து, மானிப்பாயில் இருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார், அந்நோயின் குறிகளை நன்கறிந்தும் அதன் காரணத்தை அறியக்கூடாத காலத்திலே தொண்டாற்றினார். அவர் 1884-இல் அமெரிக்காவிற் காலமானார். அதே ஆண்டின் தொடக்கத்திற்றான், கல்கத்தாவில் ஆய்வு நடத்திய ரொபேட் கொக் என்னும் ஜெர்மானியர் வாந்திபேதிக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்த செய்தியை உலகுக்கு அறிவித்தார். அதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்னரே, 1854-இல், இத்தாலியராகிய பச்சினி அக்கிருமியை நுணுக்குக்காட்டியிற் கண்டு எழுதியிருந்தார்; எவரும் பொருட்படுத்தவில்லை. 1885-இல் தியோடர் எசரிக் என்னும் குழந்தை மருத்துவர் குழந்தைகளின் மலத்திற் கண்டறிந்த கிருமியே இன்று அவர் பெயரால் எசரிக்கியா கோலை எனப்படுவது. 1897-இல் யப்பானியரான ஷிகா வயிற்றுளைவுக் கிருமியைக் கண்டார். காரணம் தெரியாதிருந்தபோது நோயாளியை ஒதுக்கி வைப்பதையன்றி வேறு வழி அரிதாயிருந்தது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலில் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையும் ஆங்கிலேயர் ஆட்சியில் ஒருகாலத்தில் தொற்றுநோய் வைத்தியசாலையாகப் பயன்பட்டது.

கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் கலைக்கும் யாழ்ப்பாணக் கடலுக்கும் எதிர்பாராத ஓர் உறவுண்டு. கொக்கின் ஆய்கூடத்தில் முதலில் விலங்குப்பசையின்மேற் கிருமிகளை வளர்த்தனர். உடற்சூடாகிய 37 பாகையில் அப்பசை உருகிவிடும். அங்கு பணிசெய்த வால்தர் எசே என்பாரின் மனைவியார் பன்னி, அடுக்களையிற் பழக்கூழ் இறுகுவதற்குத் தாம் இடும் ஏகார் என்னும் கடற்பாசிப் பசையை எடுத்துக்காட்டியது 1882 அளவில். ஒருமுறை இறுகியபின் கொதிநிலையை நெருங்கினாலன்றி அது இளகாது. அத்தகைய பசையைத் தரும் செம்பாசி இனமொன்று யாழ்ப்பாணக் களப்பிலும் கற்பிட்டிப் பகுதியிலும் விளைவது. பழைய மருந்து நூல்கள் அதனை இலங்கைப் பாசி என்றும் யாழ்ப்பாணப் பாசி என்றும் குறிக்கின்றன. இம்மண்ணில் நோயாளிக்குக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுத்த பொருளின் இனத்தைச் சேர்ந்ததே உலகத்து ஆய்கூடங்களில் எல்லாம் கிருமிக்குப் பாயாயிற்று.

அப்பசையோடு பித்தவுப்பையும், இலாக்டோசு என்னும் பாற்சர்க்கரையையும், புளிப்பைக் கண்டால் நிறம் மாறும் சாயமொன்றையும் சேர்த்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கோங்கி என்னும் ஆங்கிலேயர் ஓர் ஊடகத்தை அமைத்தார். பித்தவுப்பு, குடலில் வாழப் பழகாத கிருமிகள் பலவற்றைத் தடுத்துவிடும். எஞ்சியவற்றுள் பாற்சர்க்கரையைப் புளிக்கச் செய்வன செவ்விளநிறப் புள்ளிகளாக வளரும். எசரிக்கியா கோலையும் கிளெப்சியெல்லாவும் அவ்வகையின. நெருப்புக்காய்ச்சலைத் தரும் சல்மொனெல்லாவும் வயிற்றுளைவைத் தரும் ஷிகெல்லாவும் சர்க்கரையைத் தொடாது நிறமற்ற புள்ளிகளாக நிற்கும். ஓரிரவிற்குள் இரு பெருங்கூட்டங்கள் பிரிந்துவிடுகின்றன. இதைவிட எளிய சூழ்ச்சி மருத்துவ ஆய்விற் சிலவே. அதன்பின் சிறு சோதனைகள் தொடரும். எசரிக்கியா கோலை வளர்ந்த சாற்றிலே உரிய திரவத்தைச் சில துளிகள் விட்டால் மேலே சிவந்த வளையம் தோன்றும். புரொத்தியசு என்னும் கிருமி ஓரிடத்தில் நில்லாது தட்டு முழுவதும் அலையலையாகப் பரவும். உருமாறும் கிரேக்கக் கடற்றெய்வத்தின் பெயரை அதற்கு இட்டவர் காரணத்தோடே இட்டார். சலத்திலுள்ள யூரியாவை அது சிதைத்துச் சலத்தைக் காரமாக்குவதனாற் சிறுநீரகத்திற் கல் உண்டாவதும் உண்டு. வாந்திபேதிக் கிருமியோ உப்பையும் காரத்தையும் விரும்புவது. அதற்கெனத் தனி ஊடகமுண்டு.

மலத்தில் நோய்க்கிருமி இருப்பதே குற்றம், சலத்தில் அங்ஙனமன்று. சலத்தைப் பிடிக்கும்போது தோலிலுள்ள கிருமிகள் சில கலத்தல் இயல்பு. ஆதலின் எண்ணிக்கை வேண்டப்படுகின்றது. ஒரு மில்லிலீற்றரில் 100,000 கிருமிகளோ அதற்கு மேலோ இருப்பின் அது மெய்யான தொற்று எனும் அளவுகோலை அமெரிக்கரான காஸ் 1956-இல் வகுத்தார். கடுப்புள்ள பெண்களிடத்துக் குறைந்த எண்ணும் பொருளுடையது எனப் பின்னர் அறியப்பட்டதாயினும், அவ்வளவுகோல் இன்றும் வழக்கிலுள்ளது.

தீவகத்தின் இடர்ப்பாடு இவ்விடத்திலேதான் எழுகின்றது. 1978-இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கியபின் நகரில் இத்துறை வளர்ந்தது. ஆனால் நெடுந்தீவிலே காலையிற் பிடித்த சலம், குறிகட்டுவான் துறைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலிலும், அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை வழியாக நகருக்கு மேலும் ஒரு மணி நேரத்திற்குக் குறையாமல் தரையிலும் வரவேண்டும். வள்ளத்துக்கும் வண்டிக்கும் காத்திருக்கும் பொழுது வேறு. போத்தலிலுள்ள கிருமிகள் காத்திருப்பதில்லை. அரைமணிக்கு ஒருமுறை அவை இரட்டிப்பதாகக் கொண்டால், புறப்படும்போது 1,000 ஆக இருந்தவை மூன்றரை மணியில் 128,000 ஆகிவிடும். நோயற்ற ஒருத்தி, பிரயாணத்தின் காரணமாகவே நோயாளியாகக் கணக்கிடப்படுவாள். வேண்டாத மருந்தையும் உண்பாள். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்கூடத்தைச் சேராத சலத்தை 4 பாகை குளிரில் வைத்தல் வேண்டும் என்று விதித்திருப்பது இதனாலேயே. அங்ஙனம் வைத்தால் ஒருநாள்வரை எண்ணிக்கை பெரிதும் மாறாது. பனிக்கட்டி கிடையாதவிடத்துப் போரிக் அமிலம் இட்ட போத்தல் உதவும். அதனினும் தீவுக்கு ஏற்றது, ஊடகம் பூசிய சிறு தகட்டை நோயாளி இருக்கும் இடத்திலேயே புதுச்சலத்தில் தோய்த்து மூடி அனுப்புவதாகும். விழுந்த ஒவ்வொரு கிருமியும் தன்னிடத்திலேயே ஒரு புள்ளியாக வளருமாகையால், வழியிற் பெருகினும் புள்ளிகளின் எண் மிகாது. படத்தோடு ஒப்பிட்டு எண்ணிக்கையை மதிக்கலாம்.

மலத்தில் நேர்வது இதற்கு மறுதலை. அதிலுள்ள ஏனைய கிருமிகள் பெருகிப் புளிப்பை உண்டாக்க, மென்மையான ஷிகெல்லா விரைவில் மடிந்துவிடும். 1964-இல் கேரி, பிளெயர் என்னும் இருவர் அமைத்த ஊடகத்திற் பஞ்சுத்தண்டைச் செருகி அனுப்பினால், சத்தில்லாமையாற் கிருமிகள் பெருகாமலும் காரத்தன்மையால் மடியாமலும் நகரை அடையும். நெருப்புக்காய்ச்சலுக்கு முதல் வாரத்தில் இரத்தத்தையே வளர்த்துப் பார்த்தல் வேண்டும். மலத்திலும் சலத்திலும் கிருமி தோன்றுவது பிந்தியே. 1896-இல் வந்த விடால் சோதனை எளிதாயினும், அந்நோய் நெடுங்காலம் நிலைகொண்ட யாழ்ப்பாணம் போன்ற நாட்டில், முன்னைத் தொற்றின் எச்சத்தையும் அது காட்டி மயக்கும்.

கிருமியின் பெயர் அறியாமலே மருந்து கொடுத்தால் என்ன என்பார் உளர். யாழ்ப்பாணத்தார் பலர் உத்தியோகம் பார்த்த மலாயாவிலே, கோலாலம்பூரில், 1948-இல் குளோரம்பெனிக்கோல் நெருப்புக்காய்ச்சலை வென்றபோது அவ்வினா நியாயமாகவே தோன்றியிருக்கும். 1970-களில் அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் பரவின. பின்னர் வந்த சிப்ரோபுளொக்சசினும் தென்னாசியாவில் வலிகுன்றிற்று. சலத்துக் கோலைக் கிருமிகளோ ஒருங்கே பல மருந்துகளைச் சிதைக்கும் நொதியங்களைப் பெற்றுள்ளன. மருந்து தோய்ந்த தாள்வட்டங்களைத் தட்டில் இட்டு, எதனைச் சுற்றிக் கிருமி வளராது வெளி விடுகின்றதெனப் பார்த்தே மருந்தைத் தேர்தல் இன்று முறையாகும்.

பெயரறிதலின் மற்றொரு பயன் நோயாளிக்கன்று, அயலாருக்கு. ஒரே குறிச்சியைச் சேர்ந்த மூவரிடத்து நெருப்புக்காய்ச்சற் கிருமி காணப்பட்டால், அவர்கள் எங்கே நீர் அள்ளினர், எவர் சமைத்ததை உண்டனர் என்று வினவ வேண்டும். பித்தப்பையிற் கிருமியைத் தாங்கியவாறே நோயின்றி நடமாடுவோரும் உளர். நயினாதீவில் ஆனித் திருவிழாக் காலத்தில் அடியார்கள் பெருந்திரளாகக் கூடும்போது இவ்வினா இன்னும் விரிவடையும். கிணற்றுநீரைச் சோதிக்கையில் நெருப்புக்காய்ச்சற் கிருமியைத் தேடுவது அரிதாகையால், மலம் கலந்தமைக்குச் சான்றான எசரிக்கியா கோலையையே தேடுவர். குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஒன்றேனும் இருத்தலாகாது. நீரை அள்ளும் போத்தலில் முன்னரே சிறிது சோடியம் தயோசல்பேற்று இடப்பட்டிருக்கும். நீரிற் குளோரீன் எஞ்சியிருந்தால், அது வள்ளத்தில் வரும் வழியெல்லாம் கிருமிகளைக் கொன்று, தீவில் அழுக்காயிருந்த நீரை நகரில் தூயதெனக் காட்டிவிடும். அதனைத் தடுப்பதற்கே அவ்வுப்பு.