ஒரு மணி நேர உரையாடல், ஒன்றரை ஆண்டுத் துணை

தற்கொலை எண்ணத்துடன் எங்கள் பிரிவுக்கு வரும் இளைஞர்களின் பெற்றோர் பலர், “வெறும் பேச்சினால் என்ன ஆகிவிடும்?” என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட 5 நாடுகளில், தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 1,867 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பாதியினர் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றனர். மற்றவர்களுக்கு அத்துடன், வீடு திரும்பும் வேளையில் ஒரு மணி நேர உரையாடலும், பின்பு 18 மாதங்களில் 9 முறை நலம் விசாரிப்பும் அளிக்கப்பட்டன. 2008இல் முடிவுகள் வெளியாயின. முதற்பிரிவில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்திருந்தனர். இரண்டாம் பிரிவில் 0.2 விழுக்காட்டினரே.

அத்தகைய உரையாடலில் நாங்கள் செய்வது எளியது. நடந்ததை இளைஞர் தம் சொற்களிலேயே கூறுவார். இடைமறித்து அறிவுரை சொல்லமாட்டோம். பிறகு, ஒரே பக்கத்தில் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைச் சேர்ந்து எழுதுவோம். அவ்வெண்ணம் எழுவதற்கான அறிகுறிகள் எவை, அப்போது தாமே செய்யத்தக்கவை எவை, யாரை அழைக்கலாம் என்பன அதில் இடம்பெறும். தீவிரமான உந்துதல் பெரும்பாலும் பொங்கித் தணியும் இயல்புடையது. அந்தச் சில மணி நேரத்தைக் கடக்க உதவுவதே அத்திட்டத்தின் பயன். மனச்சோர்வு நோய் இருப்பின் மருந்தும் உடன் தேவைப்படலாம்.

உரையாடலின் ஒரு பகுதியில் பெற்றோரை வெளியே இருக்கச் சொல்வோம். அது உங்களை ஒதுக்குவது அன்று; தனிமையில்தான் சில சொற்கள் வெளிவரும்.

எஞ்சிய பங்கு குடும்பத்தினருடையது. “சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?” என நேராகக் கேளுங்கள், கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. “மார்க்குக்காகவா இப்படி?” என்று அவர்தம் துயரத்தைச் சிறுமைப்படுத்தாதீர்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள். வெளியே தெரிந்தால் படிப்பும் திருமணமும் தடைப்படும் என்றஞ்சி, மறுவருகையை நிறுத்திவிடாதீர்கள். பிள்ளை சிரித்துப் பேசத் தொடங்கிய பின்னரும் எங்கள் தொலைபேசி அழைப்பை ஏற்றுப் பேசுங்கள்.

ஆபத்து நெருங்கியதாகத் தோன்றினால் அவரைத் தனியே விடாமல், எந்நேரமாயினும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். 14416 என்னும் இலவச மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம்.